அரளியைத் தேடினால்



வீட்டுத் தோட்டச் செடிகளைக் கணினியில் பதிந்து வைக்க இப்போது வசதி உண்டு. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நாம் அன்றாடம் காணும் அரளியை அதில் தேடிப் பாருங்கள். வெள்ளை அரளி வரும்; செவ்வரளியும் பொன்னரளியும் வராமற்போகலாம். கணினி செடியை அறியாது, எழுத்தையே ஒப்பிடும். சேர்த்து எழுதும்போது முதலிலுள்ள 'அ' மறைந்துவிடுகிறதே! 'ரளி' என்று மட்டும் அடித்தால் மூன்றும் வரும்.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். மூன்றும் இருதயத்தைத் தாக்கும் விஷம். முதலிரண்டும் ஒரே செடியின் இரு நிறங்கள். பொன்னரளி வேறு செடி. அதன் கொட்டையைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். தாவரவியல் பெயரில் தேடினாலும் சிக்கல்தான்: பழைய நூல்களில் தெவீஷியா பெருவியானா, இப்போது கஸ்கபெலா தெவீஷியா. ஆகவே 'எதுவும் இல்லை' என்று திரை சொன்னால், தோட்டத்தில் இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

திருச்சி தூய வளனார் கல்லூரியில், அருட்தந்தை கே.எம். மத்தேயு 1967இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரச் சேமிப்பகத்தில் பெயர் மாறினாலும் தாளில் ஒட்டிய செடி மாறுவதில்லை. நீங்களும், பிள்ளை எதையாவது கடித்துவிட்டால், பெயரைத் தேடி நேரம் போக்காமல், பூவோடும் காயோடும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.