பானை குளிராத நாளில்

தருமபுரி மாவட்டத்து ஏரியூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மாதேஸ்வரன் மலைப் பக்கம் கருக்கும், இடி உருளும். காயப்போட்ட புளியையும் துணியையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவார்கள். செம்மண் புழுதியோடு ஒரு சூறை வரும். வாழை சாயும், மாங்காய் கொட்டும், கரண்ட் போகும். தரையில் விழுந்தது பெரிய பெரிய நாலு துளிதான். “வந்த மழையக் காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு” என்று சொல்லிவிட்டுத் துணியை மறுபடி கொடியில் போடுவார்கள்.

உண்மையில் அந்தக் காற்றே மழைதான். வரும் வழியில் உருமாறிவிட்ட மழை.

இதை விளங்கிக்கொள்ளத் திண்ணையில் இருக்கும் மண்பானை போதும். பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் குளிர்கிறது. மேகத்தில் இருந்து விழும் துளிக்கும் இதுவே நடக்கிறது. கீழே காற்று காய்ந்து கிடந்தால் துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஒரு டன் காற்று 2.4 டிகிரி அளவுக்குக் குளிரும். ஒரு டன் காற்று என்பது ஏறத்தாழ எட்டு வகுப்பறைகளை நிரப்பும் காற்று. ஒரு மேகத்திலிருந்து ஆவியாவதோ கோடிக்கணக்கான லிட்டர். குளிர்ந்த காற்று கனமானது. பொத்தென்று கீழே இறங்கி, தரையில் மோதி, நாலா பக்கமும் சிதறி ஓடுகிறது. வாழையைச் சாய்த்தது அதுதான்.

மேகத்தின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. காற்றின் வெப்பநிலையில் இருந்து பனிப்புள்ளியைக் கழித்து, வரும் விடையை 125 ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் கிடைக்கும். காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குமோ, அதுவே பனிப்புள்ளி. வெயில் 39 டிகிரி, பனிப்புள்ளி 15 என்றால் மேகத்தின் அடி 3,000 மீட்டரில். வெயில் 37, பனிப்புள்ளி 23 என்றால் 1,750 மீட்டர். முதல் நாளில் துளி மூன்று கிலோமீட்டர் காய்ந்த காற்றைக் கடந்து வரவேண்டும். பெரும்பாலும் வந்து சேராது. இரண்டாம் நாளில் பாதியைவிடச் சற்றே கூடுதல் தூரம்தான், அதுவும் ஈரக் காற்று. அன்றைக்குத்தான் கோடை உழவுக்கு ஏர் பூட்டும் மழை பெய்ய வாய்ப்பு.

இதில் உள்ள வம்பு என்னவென்றால், மழைக்கு நல்ல நாள் உடம்புக்குக் கெட்ட நாள். வியர்வையும் பானைக் கசிவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 24 டிகிரி காட்டும். 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 என்றால் அதே வெப்பமானி 29 காட்டும். இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை 35ஐத் தொட்டால் மனித உடல் தாக்குப்பிடிக்காது என்று 2010இல் இரண்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவில் இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகளில் 31ஐ ஒட்டியே உடல் தடுமாறத் தொடங்கியது. ‘இன்னைக்கு வெயில் குறைச்சல்தான்’ என்று புழுக்கமான நாளில் கடலைக்காட்டில் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்பது ஆபத்தான கணக்கு. பானைத் தண்ணீர் ஜில்லென்று இல்லாத நாளில் வியர்வையையும் நம்ப முடியாது.

இப்படிப்பட்ட நாட்களை முன்பே அறிய முடியுமா? வானிலை ஆய்வு மையம் கோடைக்கு முன்பே மூன்று மாதப் பருவ முன்னோட்டம் வெளியிடுகிறது. அதைச் செய்தித்தாள்கள் ‘இந்த ஆண்டு வெயில் கொளுத்தும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. முன்னோட்டத்தில் உள்ள வரைபடம் சொல்வது வேறு: இயல்பைவிட அதிகம், இயல்பு, குறைவு என்ற மூன்றில் எதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்பது மட்டுமே. மூன்றுக்கும் சமவாய்ப்பு என்றால் ஆளுக்கு 33. ஒன்று 55 என்று ஏறினாலும் மீதி 45 இருக்கிறது. மூன்று மாதச் சராசரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கும் என்பதற்கு 2024 நல்ல சாட்சி. அந்த ஏப்ரலில் தமிழகம் முழுக்கக் கோடை மழை ஏமாற்றியது. மே நடுவில் கொட்டத் தொடங்கி, பற்றாக்குறையைச் சரிக்கட்டியது. ஏப்ரலில் கருகிய செடிக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்?

வெப்ப அலை என்ற சொல்லுக்கும் அளவு உண்டு. பொதுவாகச் சமவெளியில் 40 டிகிரியை எட்டவேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவேண்டும். இந்த வரம்பில் ஈரப்பதத்துக்கு இடமில்லை என்பது என் மனக்குறை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல தொடக்கம். 36 டிகிரிப் புழுக்கத்தில் சுருண்டு விழுபவர் கணக்கில் வருவாரா என்பதுதான் கேள்வி.

வெயிலுக்கு உயரமும் ஒரு கணக்கு. தருமபுரி நகரம் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 460 மீட்டர். மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு சுமார் 240 மீட்டர். தருமபுரியில் இருந்து ஏரியூர் வழியாக அணையோரத்து நாகமரைக்கு இறங்கினால் மத்தியான வெயிலில் இரண்டு டிகிரி கூடிவிடும். செல்பேசியில் ‘தருமபுரி’ என்று பார்க்கும் எண்ணை ஆற்றோரத்தில் அப்படியே நம்பக்கூடாது.

கோடை இடியை வளர்ப்பது, உள் கர்நாடகத்தில் இருந்து தமிழக உள்மாவட்டங்கள் வரை வடக்கு தெற்காகச் சில நாட்கள் விழும் ஒரு கோடு. கடல்களில் இருந்து வரும் ஈரக் காற்றும் உள்நாட்டின் வறண்ட காற்றும் அதை ஒட்டி மோதுகின்றன. வானிலை அறிக்கையில் ‘காற்றின் திசை மாறுபடும் பகுதி’ என்று படித்தால் அதுதான். அதோடு மத்தியானம் மலைச்சரிவு சூடேறிக் காற்றை மேலே தள்ளினால் மேகம் எழும். அப்படி எழும் மேகத்தின் அகலம் பத்துக் கிலோமீட்டர் இருக்கலாம். பென்னாகரத்தில் வெள்ளம் ஓட, ஏரியூரில் புழுதி பறப்பது இதனால்தான். எந்த ஊர் என்பதை மூன்று மாதத்துக்கு முன் அல்ல, மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் ஓரளவு சொல்ல முடியும். மாவட்டவாரியாக அவ்வப்போது வரும் குறுகிய நேர எச்சரிக்கை அதற்காகவே.

அந்த எச்சரிக்கை யாருக்கு மிகவும் வேண்டும் என்றால், மேட்டூர் அணைக்குள் விதைப்பவர்களுக்கு. கோடையில் நீர் உள்வாங்க, எதிர்க்கரையில் பண்ணவாடிப் பக்கம், மூழ்கிக் கிடந்த பழைய கிறிஸ்தவக் கோபுரமும் பிறகு நந்தி சிலையும் தலைகாட்டும். இந்தக் கரையில் நாகமரையை ஒட்டி, வெளிப்பட்ட வண்டல் மண்ணில் கம்பு, சோளம், எள், கடலை என்று போடுவார்கள். கண்ணுக்கு எட்டியவரை மரமில்லாத சமதரை. அங்கே நிமிர்ந்து நிற்பதில் உயரமானது மனிதத் தலைதான். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கினால், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று இடி வந்து சேரும். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், களைக்கொத்தைப் போட்டுவிட்டுக் கரையில் உள்ள கல்வீட்டை நோக்கி நடக்கவேண்டியதுதான். துளி விழக் காத்திருக்கக்கூடாது.