உப்புக்கல்லும் ஒரு குட்டி விமானமும்

"புதுசாப் பண்ணின சாமானை எதுக்குடா இப்படிப் பாழாக்கறே?"

செங்கல்பட்டில் இருக்கும் என் தங்கை தன் பிள்ளையைக் கேட்ட கேள்வி இது. பத்து நாள் குனிந்த தலை நிமிராமல் ஒட்டி, பளபளவென்று பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் போர் விமானத்தின் மேல் அவன் கறுப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டிருந்தான். "அழுக்கு இல்லேம்மா, இதுக்குப் பேரு வெதரிங்" என்றானாம்.

அந்த விமானத்தின் பெயர் நாட். கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சியின் பெயர்தான் அது. பெங்களூரில் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையிலும் செய்தார்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகோன் தனியாக நின்று போராடி உயிர் விட்டது இந்த விமானத்தில்தான். நம் விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

நிஜ விமானம் ஏறக்குறைய 29 அடி நீளம். பையன் செய்தது 72-ல் ஒரு பங்கு அளவு, அதாவது ஆறடி ஆள் ஓர் அங்குலமாகிவிடுவார்! விமானம் 12 சென்டிமீட்டர்தான். (வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் நெடுங்காலமாக வருவது இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். செகோன் ஓட்டியது ஒற்றை ஆசனம்.)

சரி, எதற்கு அழுக்கு? மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கருங்கல் சிற்பத்தின் முகத்தையே உப்புக்காற்று மழுக்கியிருக்கிறது. வெயிலில் நிற்கும் விமானம் மட்டும் புதுப் பெண் மாதிரி இருக்குமா? சாயம் வெளுக்கும், புகைபோக்கிப் பக்கம் கரி படியும், மெக்கானிக் கால் வைக்கும் இடத்தில் பெயிண்ட் உதிரும்.

அந்த உதிர்வைக் காட்ட நம் சமையலறைக் கல் உப்பே போதும். முதலில் வெள்ளி பெயிண்ட். அது நன்றாகக் காய்ந்ததும் வேண்டிய இடத்தில் தண்ணீர் தொட்டு, ஒன்றிரண்டாக நசுக்கிய உப்பைத் தூவிக் காயவிட வேண்டும். மேலே பச்சை பெயிண்டைத் தெளித்து, காய்ந்த பின் பழைய டூத் பிரஷால் உப்பைத் தட்டிவிட்டால், அங்கங்கே தகடு எட்டிப் பார்க்கும். அப்புறம் நீர்க்கக் கரைத்த கறுப்பைக் கோடுகளில் ஓடவிட்டு, மிச்சத்தைத் துடைத்தால் கண்ணுக்கு மை தீட்டிய மாதிரிதான். திருஷ்டிப் பொட்டு அளவு போதும்; அதிகமானால் கரிச்சட்டிதான்! ஐப்பசி அடைமழையில் லாக்கர் பெயிண்டைத் தொடாதீர்கள், ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும்.

இத்தனையும் ரசித்த என் தங்கை, ஒரு நாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லிவிட்டாள். காரணம், மூத்த மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பையனோ கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுகிறான், வீடெல்லாம் தின்னர் வாடை.

அவள் பயந்ததில் தப்பே இல்லை. பிளாஸ்டிக் பசை, தின்னர், ஸ்ப்ரே பெயிண்ட் இவற்றின் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அதைச் சுவாசிக்கவே கூடாது. ஆனால் அதற்காகப் பிள்ளையின் ஆசையையே மூட்டை கட்ட வேண்டுமா? எனக்கு மனசு கேட்கவில்லை. இடத்தை மாற்றச் சொன்னேன். இப்போது ஒட்டுவதும் பெயிண்டும் மொட்டை மாடி நிழலில். உள்ளே தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டைப் பிரஷால் தீட்டுவது மட்டும், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து. தின்னர் பாட்டில் அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது, தீப்பிடிக்கும். உப்புத்தாள் போடும்போது ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது.

தவழும் குழந்தை இருக்கிற வீடென்றால், மிளகு சைஸ் சக்கரங்களை மூடி போட்ட டப்பாவில் எண்ணி வையுங்கள். விழுங்கிவிட்டு இருமினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி. ஃபெவிக்விக்கில் விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டினால் விட்டுவிடும். கண்ணில் பட்டால் தண்ணீரில் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும்.