வைக்கோல் வரைந்த சிவப்பு

வெறும் வைக்கோலைக் கொண்டு பானையின் மீது கோடு வரைய முடியுமா? முடியும். வண்ணமும் வேண்டியதில்லை, தூரிகையும் வேண்டியதில்லை. ஜப்பான் நாட்டின் மேற்குப் பகுதியில் ஒகயாமா மாநிலத்தைச் சேர்ந்த பிசென் என்னும் இடத்தில் குயவர்கள் பல நூற்றாண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். மங்கலான வெண்பழுப்பு நிறத்தில் ஒரு குவளை. அதன் மீது குங்குமத்தைக் குழைத்து இழுத்தாற்போல் தாறுமாறான செங்கோடுகள். அதற்கு ஹிதாசுக்கி என்று பெயர். வேலை செய்யும்போது உடையின் அகன்ற கைகள் தொங்காதபடி ஜப்பானியர் தோளோடு குறுக்கே வரிந்து கட்டும் கயிறு தாசுக்கி. தீயின் நிறங்கொண்ட தாசுக்கியே ஹிதாசுக்கி ஆயிற்று.

இந்தக் குவளையை நான் முதன்முதலில் கண்டது கலைக்கூடத்தில் அன்று. இரசாயன இதழொன்றின் பக்கத்தில். எங்கள் துறையில் வாரந்தோறும் ஒரு மாணவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து விளக்க வேண்டும். என் முறை வந்தபோது, இரும்பின் ஆக்ஸைடுகள் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது பானை! "இவன் என்ன, இரசாயனத்தை விட்டுவிட்டுக் குயத்தெருவுக்குப் போய்விட்டானா?" என்று நண்பர்கள் நகைத்தார்கள். அன்று கூட்டத்தில் சொல்ல நேரமில்லாமற் போனவற்றையும் சேர்த்து நம் மன்றத்து நண்பர்களுக்கு இங்கே சொல்கிறேன்.

பிசென் பாண்டத்திற்குப் பளபளப்புப் பூச்சுக் கிடையாது. பீங்கான் கிண்ணத்தின் மீது கண்ணாடி போன்ற ஒரு மேற்பூச்சு இருக்கிறதே, அது இல்லை. மண்ணும் தீயுமே உண்டு. பூச்சு பூசத் தெரியாததால் அவர்கள் இப்படிச் செய்யவில்லை, மண் அப்படிப்பட்டது. இம்பே என்னும் ஊரைச் சுற்றியுள்ள நெல்வயல்களுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கப்படும் கருநிறக் களிமண் அது. பிசுபிசுப்பு மிகுந்தது; இரும்பு மிகுந்தது; காயும்போதும் வேகும்போதும் நிரம்பச் சுருங்குவது. இவ்வளவு சுருங்கும் உடம்பின் மேல் பூச்சு சரியாக ஒட்டி நிற்பது கடினம். திடீரென்று சூடேற்றினாலோ வெடித்துவிடும். ஆகவே செம்பைன் மரத்து விறகை இட்டு, ஒன்று இரண்டு வாரங்கள் வரை இரவும் பகலும் சிறிது சிறிதாக வெப்பத்தை ஏற்றி, 1,200 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார்கள். பிறகு சூளை ஆறுவதற்கே பல நாட்கள். ஒரு குயவர் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் சூளை மூட்டுவார். அந்த ஒரு முறை தவறினால் அரை ஆண்டு உழைப்பு ஓடாகிவிடும்.

இப்படி வெந்த பாண்டம் கல் போல் உறுதியாக இருக்கும். தண்ணீர் கசியாது. பழங்காலத்தில் பிசென் புகழ் பெற்றதும் அழகினால் அன்று. விதை நெல்லும் நீரும் வைக்கும் ஜாடிகள், பெருந்தாழிகள், உட்புறம் வரிவரியாகக் கீறிய அரைக்கும் சட்டிகள் ஆகியவையே அன்றைய சரக்கு. 50 மீட்டருக்கும் மேல் நீண்ட பெருஞ்சூளை ஒன்றின் எச்சம் இம்பேயில் இன்றும் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் இந்த எளிய பாண்டங்களின் முரட்டு மேனியைக் கண்டு மயங்கிப் பூச்சாடியாகவும் நீர்ச்சாடியாகவும் அவற்றைத் தங்கள் அறைக்குள் கொண்டுபோனார்கள். சமையலறைச் சட்டிக்குக் கொலுமேடை கிடைத்தது.

வைக்கோல் எப்படி வந்தது? சூளையில் இடத்தை வீணாக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது பாண்டங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையே வைக்கோலைச் செருகினார்கள். நாமும் கண்ணாடிச் சாமான்களுக்கு வைக்கோல் வைத்துக் கட்டுவதில்லையா? அவ்வளவுதான். வெந்து எடுத்தபோது, வைக்கோல் எரிந்து போன இடமெல்லாம் செங்கோடு. பிறகு அந்தக் கறையையே வேண்டி, வைக்கோலைச் சுற்றி, சாம்பல் படாதபடி மூடுபெட்டிக்குள் வைத்துச் சுடலானார்கள்.

மற்ற குறிகளும் இத்தகையவே. விறகுச் சாம்பல் பறந்து வந்து பாண்டத்தின் மேல் விழுந்து உருகி எள்ளைத் தூவினாற்போல் நின்றால் அது கோமா. ஜப்பானிய மொழியில் கோமா என்றால் எள்தான். கங்குக் குவியலுக்குள் புதைந்து பிராணவாயு கிட்டாமல் வெந்த பகுதி சாம்பல் நீலமாக மாறினால் அது சங்கிரி.

செங்கோட்டின் காரணத்தை ஒகயாமாப் பகுதி ஆராய்ச்சியாளர்களான குசானோ யோஷிஹிரோ, தக்காதா ஜூன் முதலியோர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2010-இல் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் இதழொன்றில் தொகுத்து எழுதினார்கள். நான் படித்த கட்டுரை அதுவே. இரும்பு மண்ணில் இருக்கிறது. அது துருப்போல் சிவக்கிறது. இதில் என்ன புதிர் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் வைக்கோல் படாத இடத்திலும் அதே இரும்புதானே இருக்கிறது? அது ஏன் சிவக்கவில்லை?

விடை பொட்டாசியத்தில் இருக்கிறது. நெற்பயிர் நிலத்திலிருந்து உறிஞ்சிய பொட்டாசியம் வைக்கோலில் தங்கியுள்ளது. வைக்கோல் எரிந்தபின் அது மண்ணின் மேற்பரப்போடு கலந்து, அவ்விடத்தை மட்டும் எளிதில் உருகச் செய்கிறது. மயிரிழை கனமுள்ள ஒரு திரவப் படலம் உண்டாகிறது. அந்தத் திரவத்தில் முதலில் பிறப்பது இரும்பன்று. அலுமினியத்தின் ஆக்ஸைடான குருந்தக்கல். நம் மோதிரத்துக் கெம்பும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. கண்ணுக்குப் புலப்படாத அறுகோணத் தகடுகளாக அது படிகிறது. பிறகு சூளை ஆறத் தொடங்கும்போது, திரவத்தில் கரைந்திருந்த இரும்பு அந்தத் தகடுகளைப் பற்றிக்கொண்டு அவற்றின் இரு பக்கமும் செந்நிற ஹெமடைட்டாக வளர்கிறது. இரண்டின் அணு அடுக்கும் ஒரே சாயலுடையதாகையால், ஒன்றின் முதுகில் மற்றொன்று இடறாமல் ஏறி அமர்கிறது. நடுவே குருந்தம், இருபுறமும் செம்மை. அந்தச் சிவப்பைத்தான் நாம் காண்கிறோம்.

இதில் என்னைக் கவர்ந்தது நிறம் பிறக்கும் வேளை. செம்மை பிறப்பது சூடேறும்போது அன்று, ஆறும்போது. ஆராய்ச்சிசாலையில் அவர்கள் 1,250 டிகிரி வரை காய்ச்சி, நிமிடத்திற்கு ஒரு டிகிரி வீதம் மெல்ல இறக்கிப் பார்த்தார்கள், சிவந்தது. சட்டென்று குளிரவைத்தால் இரும்பு வளர நேரமில்லை. உலையை அணைத்தவுடன் வேலை முடிந்தது என்று விடுதிக்கு ஓடும் வழக்கமுடைய எனக்கு இது ஒரு குட்டாகவே பட்டது.

காரணம் தெரிந்துவிட்டதே, இனிப் பெருஞ்சூளை எதற்கு? கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். மின்சார உலையிலும் வைக்கோல் சுற்றிய பாண்டத்தில் செங்கோடு விழுகிறது. அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே மண், அதே வைக்கோல், அதே படிகம்! ஆனால் எள்ளும் சங்கிரியும் விறகின்றி இயல்பாக வாரா. இன்னொன்றும் உண்டு. "எல்லாம் தீயின் திருவிளையாடல்" என்று பிசெனைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தப் பாண்டத்தை நெருப்பின் வாய்க்கு எதிரே நிறுத்துவது, எதைக் கங்கு விழும் இடத்தில் சாய்ப்பது, எதை எதன் நிழலில் மறைப்பது என்று குயவர் சூளையை அடுக்கவே பல நாட்கள் எடுத்துக்கொள்கிறார். தீக்கு வாய்ப்பளிப்பது வேறு. தீயிடம் விட்டுவிடுவது வேறு.

இந்த அறிவு ஒருமுறை ஏறக்குறைய அற்றே போயிற்று. பீங்கான் மலிந்தபோது பிசென் ஜாடிக்குக் கிராக்கி குறைந்தது. குயவர்கள் சிங்கமும் தெய்வ உருவங்களுமாக நுணுக்கப் பொம்மைகள் செய்து பிழைத்தார்கள். 1868-க்குப் பின் சிற்றரசர்களின் ஆதரவும் போகவே, சாக்கடைக் குழாய்களும் செங்கற்களும் செய்யும் நிலை வந்தது. பழைய பாண்டங்கள் இருந்தன. அவற்றைச் செய்த கைகள் இல்லை. யாரும் எழுதியும் வைக்கவில்லை.

இம்பேயின் பழங்குயக் குடும்பம் ஒன்றில் 1896-இல் பிறந்த கனேஷிகே தோயோ, பொம்மை வேலையில் பெயர் பெற்றவர். வாழ்வின் நடுப்பகுதியில் அதை விட்டுப் பதினாறாம் நூற்றாண்டுப் பாண்டத்தை மீட்க முனைந்தார். பழைய ஓடுகளைப் பார்த்து மண்ணைத் தேடினார். மண்ணுக்கேற்ற சூட்டைத் தேடினார். எங்களைப் போல நுண்ணோக்கி இல்லை. சுட்டுப் பார்ப்பதும் உடைத்துப் பார்ப்பதுமே அவருடைய முறை. இதையும் ஆராய்ச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? 1952-இல் சிற்பி இசாமு நோகுச்சி அவரிடம் வந்து பிசென் மண்ணில் வேலை செய்தார். 1956-இல் ஜப்பானிய அரசு தோயோவுக்கு, மக்கள் வழக்கில் 'வாழும் தேசியச் செல்வம்' எனப்படும் சிறப்பை வழங்கியது. 1967-இல் அவர் மறைந்தார்.

அவரிடம் வழிகாட்டுதல் பெற்றவர்களில் பூஜிவாரா கேய் என்பவரை நம் மன்றத்து எழுத்தாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இலக்கியமே வாழ்வென்று தோக்கியோ சென்று, ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்து, மனம் சோர்ந்து ஊர் திரும்பி, நாற்பதை ஒட்டிய வயதில்தான் மண்ணைத் தொட்டார். 1970-இல் அவருக்கும் அதே சிறப்புக் கிடைத்தது. பின்னர் யமமோதோ தோஷூ, கேயின் மகன் பூஜிவாரா யூ, 2004-இல் இசெசாக்கி ஜுன் என, அந்தச் சிற்றூர் வட்டாரத்தில் மட்டும் ஐவர்.

ஆசை யாரை விட்டது? நானும் ஒருநாள் பல்கலைக்கழக வாயிலுக்கு அருகே தேநீர்க் குல்ஹட் செய்யும் குயவரிடம் ஒரு பிடி மண் வாங்கி, வில்லையாகத் தட்டிக் காயவைத்து, வைக்கோல் சுற்றி, எங்கள் உலையில் 1,250 டிகிரிக்கு ஏற்றினேன். இம்முறை ஓடவில்லை; நிமிடத்திற்கு ஒரு டிகிரியாக இறக்கும்படி அமைத்துவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தேன். திறந்து பார்த்தால் வில்லையைக் காணோம்! கருங்குழம்பாக உருகித் தட்டோடு தட்டாக ஒட்டிக் கிடந்தது. குறைந்த சூட்டில் வேகும் ஆற்று வண்டல் அது; அவ்வளவு வெப்பத்தை அது எப்படித் தாங்கும்? முறை தெரிந்திருந்தது, மண் இல்லை.

இம்பே வயல்களின் அடியில் உள்ள அந்த மண்ணும் அள்ள அள்ளக் குறையாதது அன்று. எடுத்த இடத்தில் மீண்டும் விளைவதில்லை. அறுவடை முடிந்த குளிர்காலத்தில் மேல்மண்ணை விலக்கி, அடியில் உள்ளதைத் தோண்டி, மேல்மண்ணைத் திரும்பப் போட்டு வயலை உழவருக்கு ஒப்படைக்கிறார்கள். எடுத்த மண்ணை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். தந்தை சேர்த்து வைத்த மண்ணில் மகன் வனைவதும் உண்டு.

என் தட்டை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். குல்ஹட் குயவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அவ்வளவு தீயா? எங்கள் மண்ணுக்கு எருவாட்டிச் சூடு போதுமே, தம்பி," என்று இந்தியில் சொல்லிவிட்டு, சக்கரத்தை மறுபடியும் சுழற்றினார்.