பின்னணியில் ஓர் எழுத்தர்

ஜேசான் வடிவில் தரவை எழுத ஷெல்லின் எக்கோ கட்டளையே போதும் என்பவர்கள் உண்டு. கோப்புப் பெயரில் ஓர் இரட்டை மேற்கோள் குறி வந்தாலே அந்த வெளியீடு உடைந்துவிடும். வரிமுறிவு வந்தாலும் அதே கதிதான். குறிகளைச் சரிக்கட்டும் வேலையைச் சிறு பைத்தான் நிரலிடம் விடலாம். ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் அதைப் புதிதாகத் தொடங்கினால், எழுதுவதைவிடத் தொடங்குவதற்கே அதிக நேரம் போகும். 2009-இல் வந்த பாஷ் 4.0-இன் கோப்ராக் வசதி, அந்தப் பைத்தான் உதவியாளரை ஒருமுறை மட்டும் பின்னணியில் தொடங்கி, இரு குழாய்கள் வழியே ஸ்கிரிப்டோடு இணைத்துவைக்கிறது. மதிப்புகளுக்கு இடையில் சுழிய பைட்டை வைத்து அனுப்பலாம், பாஷ் மாறிகளில் அது இடம்பெறவே முடியாது என்பதால் குழப்பமில்லை.

முழுவதையும் பைத்தானிலேயே எழுதலாமே? புதிதாகத் தொடங்குபவருக்கு நியாயமான யோசனை. ஏற்கெனவே பல கட்டளைகளைக் கோத்து ஓடும் ஸ்கிரிப்டுக்கோ அது வீண் செலவு. எனக்குப் பெரிதாகத் தெரியும் இடர் வேறு: உதவியாளர் பதிலை இடையகத்தில் தேக்கிவைத்தால், ஸ்கிரிப்டும் அதுவும் ஒன்றையொன்று எதிர்பார்த்து உறைந்துவிடும். ஒவ்வொரு பதிலையும் உடனே வெளியே தள்ளும்படி உதவியாளரிடம் சொல்ல வேண்டும்.