லிபரேட்டர் விமானமும் ரிவெட் அடித்த கைகளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

பரங்கிமலையை இன்று நாம் ரயில் நிலையமாக அறிவோம். 1944-ஆம் ஆண்டில், அவ்வூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், பிரிட்டிஷ் விமானப் படையின் 200-ஆவது ஸ்குவாட்ரன் அங்கே வந்து இறங்கியது. அதனிடம் இருந்தவை 'லிபரேட்டர்' என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள். எதிரியின் நீர்மூழ்கிகளைத் தேடி வங்கக் கடலின் மேல் மணிக்கணக்கில் சுற்றி வருவது அவற்றின் பணி. மாமல்லபுரக் கரையில் வலை உலர்த்தியவர்கள் அந்த இரைச்சலை அண்ணாந்து பார்த்திருக்கக் கூடும். அந்த விமானத்தைப் பற்றியும், போர் ஓய்ந்தபின் அதன் உடைந்த உடலுக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்களைப் பற்றியும் சில செய்திகளை மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

பி-24 என்பது இதன் அமெரிக்கப் பெயர். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 110 அடி. எஞ்சின் ஒவ்வொன்றும் பதினான்கு சிலிண்டர்களும் 1,200 குதிரைத் திறனும் கொண்டது. உள்ளே சுமார் பத்துப் பேர். மொத்தம் 18,000-க்கும் அதிகமாகக் கட்டினார்கள். போர் உச்சத்தில் இருந்தபோது ஃபோர்டு கம்பெனியின் வில்லோ ரன் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ மணிக்கு ஒன்று வெளிவந்ததாம்.

1945-இல் போர் முடிந்தது. அமெரிக்கா பிரிட்டனுக்குக் கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் கொடுத்த விமானங்களைத் திருப்பித் தர வேண்டும்; இல்லையேல் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். நல்ல பொருளை உடைப்பதற்கும் ஒரு விதி இருந்தது, பாருங்கள்! கான்பூருக்கு அருகே சகேரி விமானத் தளத்தில் நிறுத்தப்பட்ட லிபரேட்டர்களுக்கு அந்தக் கதி நேர்ந்தது. பக்கங்களைக் குத்திக் கிழித்தார்கள். விமானி அறையின் கருவிகளை நொறுக்கினார்கள். எஞ்சின்களில் மணலைக் கொட்டினார்கள் என்றும் கூறுவர்.

நாடு விடுதலை அடைந்தபின் நம் விமானப் படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. எனவே அந்தக் குப்பையையே பழுது பார்ப்பது என முடிவாயிற்று. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940-இல் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் அமெரிக்கர் தம் விமானங்களைப் பழுது பார்த்த இடமும் அதுவே. ஆகவே அங்குள்ள தொழிலாளர் கைகளுக்கு இது முற்றிலும் புதிய வேலை அன்று. ஆனால் விமானங்கள் கிடந்ததோ கான்பூரில். தற்காலிகமாக ஒட்டுப்போட்டு, பறக்குமளவுக்கு மட்டும் சரிசெய்து, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓட்டி வந்தார்கள். ஓட்டியவர் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. ஒன்றல்ல, இரண்டல்ல, 42 விமானங்கள் இவ்வாறு மீண்டன. 1948 நவம்பரில் இவற்றைக் கொண்டே 5-ஆவது ஸ்குவாட்ரன் அமைக்கப்பட்டது.

இதில் எனக்கு மிகுந்த வியப்பளிப்பது விமானி அறையே. உடலின் தகடு கிழிந்தால் வேறு தகடு வெட்டி வைக்கலாம். கருவிப் பலகையை அப்படி வெட்ட முடியாது. எஞ்சின் ஒன்றுக்குச் சுற்று வேகம், உட்செல்லும் காற்றின் அழுத்தம், எண்ணெயின் அழுத்தம், எண்ணெயின் வெப்பம், சிலிண்டர் தலையின் வெப்பம் என ஐந்து அளவுகளை மட்டும் கணக்கிட்டாலும் நான்கு எஞ்சினுக்கு இருபது முள்கள். இடம் போதாமல் ஒரே முகப்பில் இரண்டு முள்களை வைத்திருந்தார்கள்.

இவை தவிர, நாம் வகுப்பில் படித்தவை எல்லாம் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. உயரமானி என்பது காற்றழுத்தம் குறைந்தால் உப்பும் ஒரு மெல்லிய உலோகப் பெட்டி. செயற்கைத் தொடுவானம் என்பது விரைந்து சுழலும் சக்கரம் தன் அச்சை மாற்றாது என்ற விதி. வேகமானிக்கு விமானத்தின் முன்புறத்தில் ஒரு பிட்டோ குழாய் உண்டு. எதிரே வரும் காற்று அதில் மோதித் தரும் அழுத்தத்திலிருந்து சாதாரண அழுத்தத்தைக் கழித்தால், எஞ்சுவது காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. மேலே செல்லச் செல்ல அடர்த்தி குறைவதால் முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்தக் குழாயில் ஒரு குளவி கூடு கட்டினால் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ரிவெட் விஷயத்தை எனக்குப் புரியவைத்தவர் என் தந்தை. அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர். பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர். நான் லிபரேட்டரின் படத்தைக் காட்டியதும் இறக்கையைப் பார்க்கவில்லை, தகட்டில் இருந்த புள்ளி வரிசையைத்தான் பார்த்தார். "அடிக்கிறவன் ஒருத்தன், உள்ளே டாலி பிடிக்கிறவன் ஒருத்தன். டாலி பிடிக்கிறவன் கை கொஞ்சம் சாய்ஞ்சா ரிவெட்டு கோணிக்கும்டா. இந்த மூக்குக்குள்ள மடங்கி உட்கார்ந்து பிடிச்சவன் யாரோ, அவன்தான் ஆளு" என்றார். டியூராலுமின் ரிவெட்டுகளில் சிலவற்றைச் சூடாக்கிக் குளிரவைத்தபின் விரைவில் அடித்துவிட வேண்டும். இல்லையேல் தாமே இறுகிவிடும். அந்த இறுக்கத்தைத் தள்ளிப்போட அவற்றை ஐஸில் வைப்பார்கள் என்று நான் சொன்னபோது, "எங்க பட்டறைக்கு அது வேண்டாம்" என்று சிரித்தார்.

'குண்டு போடும் யந்திரத்துக்கு இவ்வளவு பரிவு எதற்கு?' என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. என் பதில் மாமல்லபுரத்தில் இருக்கிறது. முழுமை பெற்ற ரதத்தைவிட அரைகுறையாய் நிற்கும் வலையன்குட்டை ரதம்தான் சிற்பி மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தான் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பிரித்துப்போட்ட விமானி அறையும் அப்படியே. பலகையைக் கழற்றினால்தான் பின்னால் ஓடும் குழாயும் கம்பியும் தெரியும்.

1968-இல் நம் விமானப் படை லிபரேட்டர்களுக்கு ஓய்வு கொடுத்தது. வேறெங்கும் அவை அநேகமாக உருக்கப்பட்டுவிட்ட காலம் அது. ஆதலால் உலக அருங்காட்சியகங்கள் நம்மிடம் வந்தன. கனடாவுக்கு ஒன்று, அமெரிக்காவின் டூசான் நகருக்கு ஒன்று, 1974-இல் பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகத்துக்கு ஒன்று. டில்லி பாலம் அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது.

இன்னொன்றின் கதை நீளமானது. அது பிரிக்கப்பட்டு இங்கிலாந்து சென்றது. 1984-இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதை வாங்கியது. காட்சிக்கு மட்டும் வைப்பதாகவே முதலில் எண்ணம். அக்காலத்தில் லிபரேட்டரில் பறந்த முதியவர்கள் விடவில்லை. பறக்கத்தான் வேண்டும் என்றார்கள். தொண்டர்களும் கைதேர்ந்த தொழிலாளரும் பல்லாயிரம் மணி நேரம் உழைத்து 1989-இல் பறக்கவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்கு அருகே வெரிபி என்னும் ஊரில் நடப்பது இன்னும் அரியது. ஒரு வீட்டு மனையில் பல்லாண்டு கிடந்த லிபரேட்டர் உடலை 1995-இல் தொண்டர்கள் கொண்டுவந்தார்கள். இறக்கை நியூகினியில் விழுந்து கிடந்த வேறொரு விமானத்தினுடையது. ஊதியம் இன்றி, வாரந்தோறும் வந்து, விமானி அறையையும் சுடு கூண்டுகளையும் துண்டு துண்டாக அமைத்தவர்களில் முன்னாள் வீரர்கள் பலர்.

பெங்களூரில் வேலை செய்தவர்கள் சம்பளம் வாங்கியவர்கள், தொண்டர்கள் அல்லர். எனினும் அவர்கள் செப்பனிடாவிட்டால் டூசானிலும் ஆட்டவாவிலும் இன்று நிறுத்துவதற்கு அந்த விமானங்கள் இருந்திரா. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நிறுத்தப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்த அப்துல் கலாம், பின்னர் பயிற்சிக்குச் சென்று எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டக் கற்றதும் அதே பெங்களூர்த் தொழிற்சாலையில்தான். முன்ஷியின் பெயர் நூல்களில் இருக்கிறது. டாலி பிடித்தவர்களின் பெயர் அவற்றில் இல்லை. 1948-இல் என் வயதில், இருபதில், அந்தப் பட்டறையில் சேர்ந்தவர் எவரேனும் இன்று இருந்தால் அவருக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆகியிருக்கும்.