கல்லூரி விருப்பப் பட்டியல்: வீட்டுக் கம்ப்யூட்டரில் நாமே தயாரிக்கலாம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளே அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் நிரம்பிவிடும். பெற்றோர் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் இளைஞர், "என்ன கட்-ஆப்? எந்த ஊரு?" என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் விருப்பப் பட்டியலை நிரப்பி முடித்துவிடுவார். நான்கு ஆண்டுப் படிப்பும் அதற்கான செலவும் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகின்றன.

இப்போது உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்டர்நெட் இணைப்பும் இருக்கிறது. இந்த வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை. பொறியியல் சேர்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பட்டியலை வீட்டிலேயே தயாரிக்கும் வழியை இங்கு பார்ப்போம்.

பட்டியல் ஏன் இவ்வளவு முக்கியம்?

தமிழகத்தில் ஒற்றைச் சாளர முறையில் பொறியியல் கலந்தாய்வு 1997ஆம் ஆண்டு தொடங்கியது. 2017 வரை மாணவர்கள் நேரில் போனார்கள். நம் பகுதியிலிருந்து இரவு பஸ் ஏறி, காலையில் சென்னை கிண்டியில் இறங்கிய குடும்பங்கள் ஏராளம். அங்கே திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதி இருக்கிறது என்று தெரியும். "இது இல்லையா? அப்படியானால் அதைக் கொடுங்கள்" என்று அங்கேயே முடிவு செய்யலாம்.

2018 முதல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறிவிட்டது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. பயணம் மிச்சம். ஆனால் இப்போது மீதி இடங்களைப் பார்த்துக்கொண்டே தேர்ந்தெடுக்க முடியாது. "இது இல்லையென்றால் அடுத்து எது? அதுவும் இல்லையென்றால்?" என்ற கேள்விகளுக்கு எல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பதில்களின் வரிசைதான் விருப்பப் பட்டியல்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

இதன் வேலை மிக எளிது. தரவரிசையில் முதலில் உள்ள மாணவரின் பட்டியலைத் திறக்கிறது. மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வருகிறது. எந்த வரியில் முதலில் இடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. பிறகு அடுத்த மாணவருக்குப் போகிறது. பொதுப் பிரிவு, உங்கள் இன ஒதுக்கீட்டுப் பிரிவு இரண்டிலும் இடம் பார்க்கப்படும்.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன.

1. கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை மேலே எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை. இடம் இல்லையென்றால் கம்ப்யூட்டர் அதைத் தாண்டி அடுத்த வரிக்கு வந்துவிடும்.

2. பிடிக்காத கல்லூரியைப் பிடித்த கல்லூரிக்கு மேலே எழுதினால் நஷ்டம் உறுதி. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைக் கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது.

3. பட்டியல் சிறியதாக இருந்தால் ஆபத்து. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம், தனிக் கட்டணம் கிடையாது. எழுதிய எதுவும் கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றில் இடமே இல்லை. அடுத்த சுற்றில் மற்றவர்கள் எடுத்தது போக மீந்த இடங்கள்தான் இருக்கும்.

கட்-ஆப் கணக்கு

கணிதத்தில் வாங்கிய மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாக்கிக் கூட்டுங்கள். மொத்தம் 200க்கு வரும். கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 81 என்றால் 88 + 38 + 40.5 = 166.5 என்பது கட்-ஆப்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் உங்கள் பிள்ளையின் ரேங்க் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டோடு ஒப்பிட மதிப்பெண்ணைவிட ரேங்க்தான் நம்பகமானது. வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருக்கும் மதிப்பெண் கூடிவிடும். சென்ற ஆண்டு 166.5க்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டு 170 கேட்கலாம். ரேங்க் அந்த அளவுக்கு ஏறி இறங்குவதில்லை.

விவரங்களைத் திரட்டுதல்

பிரவுசரின் அட்ரஸ் பாரில் டிஎன்இஏஆன்லைன் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியை ஆங்கிலத்தில் நீங்களே டைப் செய்திடவும். தேடுதல் தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடினால், ஆலோசனை நிறுவனங்களின் விளம்பரங்கள் முதலில் வந்து நிற்கும். அவை அரசுத் தளம் அல்ல. உங்கள் செல்போன் எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அன்று மாலையிலிருந்தே போன் வரத் தொடங்கிவிடும்.

அரசுத் தளத்தில் முந்தைய ஆண்டுகளின் கட்-ஆப், ரேங்க் விவரங்கள் கல்லூரி வாரியாகவும் இனப்பிரிவு வாரியாகவும் கிடைக்கும். மொத்தம் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருப்பதால் கண்ணால் தேடினால் களைத்துவிடுவோம். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எப் கீயை அழுத்திடவும். சிறிய கட்டம் ஒன்று திறக்கும். அதில் கல்லூரியின் எண்ணைக் கொடுத்து என்டர் தட்டினால் நேராக அந்த இடத்திற்குச் செல்லலாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி எண் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, மதுரை தியாகராசர் கல்லூரிக்கு 5008. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால், பெயரைவிட எண்ணைக் கொண்டு தேடுவதே பாதுகாப்பு.

எக்ஸெல் தாளில் பட்டியல்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். அதிலுள்ள கால்க் புரோகிராம் இதே வேலையைச் செய்யும். புதிய பைல் ஒன்றைத் திறந்து முதல் வரியில் கீழ்க்காணும் தலைப்புகளை டைப் செய்திடவும்.

கல்லூரி எண், கல்லூரி பெயர், பாடப்பிரிவு, சென்ற ஆண்டின் கடைசி ரேங்க், அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி ரேங்க், வீட்டிலிருந்து தூரம், பஸ் அல்லது விடுதி, ஆண்டுச் செலவு, விருப்ப எண்.

ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவு ஒரு வரி. அதே கல்லூரியின் இன்னொரு பிரிவு வேறு வரி. கலந்தாய்விலும் இப்படித்தான் கணக்கு.

ரேங்க் வாரியாக அடுக்க, தாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் கிளிக் செய்து, டேட்டா மெனுவில் சார்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். புதியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து அடுக்கினால், ரேங்க் இடம் மாறிவிடும், கல்லூரி பெயர் அப்படியே நிற்கும். ஒரு கல்லூரியின் ரேங்க் இன்னொரு கல்லூரிக்குப் போய்விடும். எக்ஸெல் எச்சரிக்கை தந்தால் "எக்ஸ்பாண்ட் த செலக்‌ஷன்" என்பதையே தேர்ந்தெடுக்கவும். தவறாகிவிட்டால் உடனே கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

பிடிஎப் பைலிலிருந்து காப்பி செய்த எண்கள் சில நேரம் எழுத்துகளாகப் பதிவாகும். கட்டத்தில் எண் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். அதை நீக்கிவிட்டுக் கையால் டைப் செய்தால் சரியாகிவிடும்.

ரேங்க் வாரியாக அடுக்கியதும் உங்கள் பிள்ளையின் ரேங்க் எந்த இடத்தில் வருகிறது என்று தெரியும். அதற்கு மேலே எட்டாத கனிகள், அக்கம்பக்கத்தில் கிடைக்கக் கூடியவை, கீழே உறுதியாகக் கிடைப்பவை. மூன்று பகுதியிலும் போதுமான வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழ்ப்பகுதியில் பத்து வரிகளாவது இருப்பது நல்லது. அதன்பின் இந்த வரிசையை மறந்துவிட்டு, கடைசி நெடுவரிசையில் உங்கள் பிள்ளையை விருப்ப எண் போடச் சொல்லுங்கள். அந்த எண் வாரியாக மறுபடி அடுக்கினால் கிடைப்பதுதான் உண்மையான பட்டியல்.

எங்கள் தெருவில் நடந்தது

2024இல் எங்கள் தெருவில் தறி ஓட்டும் அண்ணாச்சி ஒருவர், மகள் பெயரில் வேறொருவர் நிரப்பிய 14 விருப்பங்களை என்னிடம் காட்டினார். முதல் வரியில் இருந்த கல்லூரியின் பெயரைக்கூட அந்தப் பெண் கேள்விப்பட்டதில்லை. அதை மேலே வைப்பதற்காக யாருக்கோ கமிஷன் போயிருக்கலாம். பட்டியலை இன்னும் லாக் செய்யாததால் திருத்த வழி இருந்தது.

இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து 43 வரிகள் தயாரித்தோம். "வெளியூர் விடுதி வேண்டாம் தம்பி, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிட வேண்டும்" என்றார் அண்ணாச்சி. மகளோ, "காரைக்குடி அரசுக் கல்லூரி கிடைத்தால் விடுதியில் இருக்கிறேன் அப்பா, கட்டணம் குறைவு" என்றாள். ஆண்டுச் செலவு நெடுவரிசையில் கல்லூரி பஸ் கட்டணத்தையும் சேர்த்துப் போட்டுக் காட்டியதும் அண்ணாச்சி சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "சரிம்மா, அதை மேலே போடு" என்றார். கிடைத்தது 22ஆவது விருப்பம், விருதுநகர் பக்கம் உள்ள ஒரு கல்லூரி. தினமும் போய் வருகிறாள். பழைய 14 வரிகளோடு விட்டிருந்தால், கேள்விப்படாத அந்த முதல் கல்லூரியில்தான் சேர்ந்திருப்பாள்.

கல்லூரியின் தரத்தை அறிய

கல்லூரி தளத்தில் உள்ள பளபளப்பான படங்களை விட்டுவிடுங்கள். மூன்று விவரங்களைத் தேடுங்கள்.

முதலாவது, என்பிஏ அங்கீகாரம். இது கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுகிறது. மெக்கானிக்கலுக்கு இருப்பதால் சிவிலுக்கும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

இரண்டாவது, தேர்ச்சி விழுக்காடு. அண்ணா பல்கலைக்கழகம் தன்னுடன் இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தை வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது.

மூன்றாவது, என்ஐஆர்எப் என்ற மத்திய அரசின் தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் அறிக்கை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுத்தரச் சம்பளம் என்ன என்று அதில் அட்டவணை இருக்கும். "100 சதவீத வேலைவாய்ப்பு" என்ற பேனரைவிட இந்த அட்டவணை உண்மை பேசும்.

பணம் பற்றி

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு மூலம் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீட்டின் கட்-ஆப் தனி. பொதுப் பட்டியலைப் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம். மழையை நம்பி விதைக்கும் நம் பகுதிக் குடும்பங்களுக்கு இந்த இரண்டும் பெரிய உதவி. சான்றிதழ்களை முன்னதாகவே வாங்கி, ஸ்கேன் செய்து, ஒரு போல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாக் செய்யும் முன்

பதிவு செய்யும்போது உங்கள் சொந்தச் செல்போன் எண்ணையும் இமெயிலையும் மட்டுமே கொடுங்கள். ஓடிபி வருவது அங்கேதான். பிரவுசிங் சென்டர் எண்ணைக் கொடுத்தால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்த கதைதான். வெளியிடத்தில் திறக்க நேர்ந்தால், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லி, வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்திடவும்.

விருப்பங்களைத் தளத்தில் ஏற்றிய பின் பிரிண்ட் எடுத்து, எக்ஸெல் தாளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒருவர் படிக்க, இன்னொருவர் டிக் செய்யலாம். கடைசி நாள் இரவு வரை காத்திருக்காதீர்கள். மின்வெட்டும் நெரிசலும் அன்றுதான் வரும்.

ஒதுக்கீடு வந்தபின் "ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்" என்ற வாய்ப்பும் உண்டு. பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பங்களில் இடம் காலியானால் கம்ப்யூட்டர் உங்களை அங்கே மாற்றிவிடும். அப்போது மேலே இருக்கும் ஒவ்வொரு வரியும் நீங்கள் உண்மையாகவே அதிகம் விரும்புவதாக இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். அந்த ஆண்டின் விதிமுறைக் கையேட்டைப் படித்துத் தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

பொறியியல் வேண்டாம் என்பவர்களுக்கும் இந்தத் தாள் பயன்படும். திருச்சுழி, அருப்புக்கோட்டை உட்பட எல்லா அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் தனி ஆன்லைன் விண்ணப்பம் இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே சேர்க்கை நடத்துகின்றன. இவற்றிற்கு அதே பைலில் இன்னொரு ஷீட் திறந்து, கடைசித் தேதி என்ற தலைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போது பிளஸ் ஒன் படிக்கிறானா? இந்த ஆண்டு ரேங்க் விவரங்களை இப்போதே தாளில் ஏற்றி வையுங்கள். அடுத்த ஆண்டு பாதி வேலை முடிந்திருக்கும்.