மறுகரையில் ஒரு பாதை

இமயமலையில், மந்தாகினி ஆறு தோன்றும் இடத்திற்கு அருகே கேதார்நாத் கோயில் உள்ளது. 2013 ஜூன் மாதம் பெய்த பெருமழையில், கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரியின் கரை உடைந்தது. பாறையும் சேறும் கலந்து வந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வழியில் பயணிகள் இளைப்பாறும் ராம்பாடா என்னும் சிற்றூர் அடியோடு அழிந்தது.

அதற்கு மேலே சென்ற பழைய பாதையும் அடித்துச் செல்லப்பட்டது. ஆகவே, ஆற்றின் மறுகரையில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தினர் புதிய பாதை அமைத்தனர். 2014 மே மாதம் பயணம் மீண்டும் தொடங்கியது.

வெள்ளத்தன்று மலையில் எத்தனை பேர் இருந்தனர் என்பது எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால், இப்போது பயணிகள் தம் பெயரைப் பதிவு செய்த பின்னரே மலையேறுகின்றனர். கனமழை எச்சரிக்கை வந்தால் பயணம் நிறுத்தப்படுகிறது. பயணிகள் வந்தால்தான் குதிரை ஓட்டுவோர், டோலி சுமப்போர் வீடுகளில் அடுப்பு எரியும். எனினும், உயிரே முதன்மையானது.

சிந்தித்து எழுதுக: பயணிகளின் பெயரைப் பதிவு செய்வது ஏன் தேவை?